91, அப்பர் சர்க்குலர் ரோடு: உள்ளூர் மருந்தை நம்ப மறுத்த நகரமும் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும்

கொல்கத்தாவின் தெற்கே ஜாதவ்பூர். அங்கே 8பி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்து கரியா பக்கம் போனால், கொஞ்ச தூரத்தில் சுலேகா என்றொரு நிறுத்தம் வரும். அது ஊர் பெயர் இல்லை, தெருப் பெயரும் இல்லை. பேனா மை தயாரித்த ஒரு கம்பெனியின் பெயர். கம்பெனி பல வருடம் பூட்டிக் கிடந்தபோதும் ஆட்டோக்காரர்கள் அந்தப் பெயரை விடவில்லை. ஒரு பிராண்ட் முகவரியாகவே மாறிப்போன கதை அது.

அந்தப் பக்கத்திலேயே கோல்ஃப் கிரீன் என்றொரு குடியிருப்பும் உண்டு. சில கிலோமீட்டர் தள்ளி, 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப். பிரிட்டனுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் அது.

உங்கள் ஆபீஸில் கோல்ஃப் ஆடுகிறவர் யாராவது இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த மட்டை நல்ல மட்டை? பதிலாக ஒரு பிராண்ட் பெயர் வரும், பெரும்பாலும் யோசிக்காமலே வரும். விதிகளைப் பார்த்தால் இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். டிரைவர் எனப்படும் பெரிய தலை மட்டையின் முகப்பு எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: 0.83. பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. பெரிய கம்பெனிகள் எல்லாம் இந்தச் சுவர் வரை வந்து நிற்பவைதான். அதற்குப் பிறகு ஆட்டக்காரர் வாங்குவதில் எவ்வளவு பங்கு உலோகம், எவ்வளவு பங்கு பெயர்?

மட்டை என்றால் போகட்டும், பணம்தான் நஷ்டம். இதே கேள்வியை மருந்துக்குக் கேட்டுப் பாருங்கள். 1892-ல் கல்கத்தாவில் ஒருவர் அதைத்தான் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கையில் இருந்த 700 ரூபாயைப் போட்டு பரிசோதித்தும் பார்த்தார். அவர் பெயர் பிரஃபுல்ல சந்திர ராய். பள்ளிப் புத்தகத்தில் இந்திய வேதியியலின் தந்தை என்று ஒரு வரியில் கடந்து போயிருப்பீர்கள். அந்த ஒரு வரி இந்த மனிதருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து.

நூலகத்தில் வளர்ந்த பையன்

ராய் பிறந்தது 1861 ஆகஸ்ட் 2-ம் தேதி, ராருளி என்ற கிராமத்தில். அன்று ஜெஸ்ஸோர் மாவட்டம். இன்று வங்கதேசத்தின் குல்னா மாவட்டம். தாகூர் பிறந்ததும் அதே ஆண்டுதான். அப்பா ஹரிஷ் சந்திரர் ஒரு ஜமீன்தார். பாரசீகம் படித்தவர், வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தவர், வருமானத்தைவிடக் கடன் வேகமாக வளர்ந்த குடும்பத் தலைவர்.

படிப்புக்காக குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. ஹேர் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த ராய்க்கு 1874-ல் கடுமையான வயிற்றுக்கடுப்பு. பள்ளியை விட்டுவிட்டு ஏறக்குறைய இரண்டு வருடம் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு வருடத்தில் அப்பாவின் அலமாரிகளைத் தின்று தீர்த்தார். வரலாறு, வாழ்க்கை வரலாறுகள், லத்தீன் என்று கையில் கிடைத்ததெல்லாம். நோய் போனது, ஆனால் ஜீரணக் கோளாறு கடைசிவரை கூடவே இருந்தது. பிற்காலத்தில் அவர் சாப்பாட்டை அளந்து சாப்பிட்டதும், நேரத்தைக் கறாராகப் பங்கு போட்டு வாழ்ந்ததும் வெறும் துறவு மனப்பான்மையால் மட்டும் அல்ல. உடம்பு அதற்கு மேல் அனுமதிக்கவில்லை.

கல்லூரிக்கு வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிட்யூஷனில் சேர்ந்தார். கட்டணம் குறைவு. ஆனால் அங்கே கெமிஸ்ட்ரி லேப் கிடையாது. அதனால் பிரசிடென்சி கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லர் நடத்திய வகுப்புகளுக்கு வெளி மாணவராகப் போய் உட்கார்ந்தார். இலக்கியம் என்று ஆரம்பித்தவரை வேதியியல் இழுத்துக்கொண்டது அங்கேதான். 1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வு. இந்தியா முழுக்க அந்த வருடம் தேறியவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் இவர். கப்பலேறி எடின்பரோ போனார்.

அங்கே அலெக்சாண்டர் கிரம் பிரவுனிடம் படித்தார். 1887-ல் டி.எஸ்சி. பட்டம். நடுவே 1885-ல், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி எப்படி நடக்கிறது என்று பல்கலைக்கழகம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதிக் கொடுத்தார். பரிசு வரவில்லை, ஆச்சரியமும் இல்லை. சொந்தச் செலவில் அச்சடித்து விநியோகித்துவிட்டார்.

லேபிள் ஒட்டப்பட்ட மனிதர்

1888-ல் ஊர் திரும்பினார். இங்கேதான் இந்தக் கதையின் முதல் முடிச்சு.

எடின்பரோ டி.எஸ்சி. என்பது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. அதே பட்டத்தோடு ஓர் ஆங்கிலேயர் வந்திருந்தால் அவருக்கு உயர்நிலைக் கல்விப் பணியில் இடம் தயாராக இருக்கும். ராய்க்கு ஏறக்குறைய ஒரு வருடம் வேலையே கிடைக்கவில்லை. நண்பர் ஜகதீஷ் சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை, மாதம் 250 ரூபாய். இந்தியர்களுக்கான மாகாணப் பணிப் பிரிவு. வேலை ஒன்றுதான், மாணவர்கள் ஒன்றுதான், சம்பளமும் அந்தஸ்தும் வேறு.

போஸ் இதே பாகுபாட்டை வேறு மாதிரி எதிர்கொண்டார். குறைத்துக் கொடுத்த சம்பளத்தை மூன்று வருடம் தொடவே மறுத்தார். ராய்க்கு அந்த வசதி இல்லை, குடும்பக் கடன் இருந்தது. சம்பளத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் இதை வேலைவாய்ப்புச் சந்தையின் கண்ணால் பாருங்கள். பட்டியலில் இரண்டு பேர், தகுதி ஒன்று. ஒருவரிடம் வெளிநாட்டுத் தயாரிப்பு என்ற லேபிள் இருக்கிறது, இன்னொருவரிடம் உள்ளூர்த் தயாரிப்பு என்ற லேபிள். சம்பளத்தை முடிவு செய்வது லேபிள். மூன்று வருடம் கழித்து மருந்துக் கடைகளின் படியேறி இறங்கப்போகும் மனிதருக்கு, கடைக்காரர்கள் சொல்லப்போகும் பதில் புதிதாக இருந்திருக்காது. அதைத் தன் சம்பளச் சீட்டில் மாதாமாதம் படித்துக்கொண்டிருந்தவர் அவர்.

நெய்யில் தொடங்கிய விசாரணை

அவரது ஆரம்ப ஆராய்ச்சியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாதரசச் சேர்மத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள் (மெர்குரஸ் நைட்ரைட், 1896). அதற்கு முன்னால் அவர் உழைத்தது நெய்யிலும் கடுகெண்ணெயிலும்.

கல்கத்தா சந்தையில் கிடைத்த நெய்யில் எது அசல், எது கலப்படம்? இதைக் கண்டுபிடிக்க முதலில் அசல் எப்படி இருக்கும் என்று எண்களில் தெரிய வேண்டும். எந்தக் கடைக்காரரின் வார்த்தையையும் நம்ப முடியாதே. அதனால் கண் முன்னே பால் கறக்கச் சொல்லி, கண் முன்னே வெண்ணெய் எடுத்து, கண் முன்னே எண்ணெய் ஆட்டி, அந்த மாதிரிகளை அளந்தார். சந்தைச் சரக்கை அதோடு ஒப்பிட்டார். 1894-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அது கட்டுரையாக வந்தது.

டேட்டாவோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவை யாரும் தரவில்லையென்றால், மாட்டுக்கொட்டகைக்கே போய் அதை உருவாக்கிக்கொள்வது. இன்றைக்கு நாம் பேஸ்லைன் என்று ஸ்டைலாகச் சொல்வது அதைத்தான்.

700 ரூபாயும் மொட்டை மாடி எலும்பும்

1892-ல், 91 அப்பர் சர்க்குலர் ரோடு வாடகை வீட்டில் பெங்கால் கெமிக்கல் பிறந்தது. அதே வீட்டில்தான் ராய் குடியிருந்தார். காலையிலும் பகலிலும் கல்லூரி. சாயங்காலம் திரும்பியதும் மருந்து தயாரிப்பு.

என்ன தயாரித்தார்கள்? பிரிட்டிஷ் ஃபார்மகோபியா என்ற அதிகாரபூர்வ மருந்து நூலில் உள்ள கலவைகள். இரும்புச் சத்து சிரப், எட்டிக்கொட்டை டிங்ச்சர் போன்றவை. இவை எல்லாம் அதுவரை கப்பலில் வந்தவை. இங்கே விளையும் மூலப்பொருளும் கப்பலேறிப் போய், பாட்டிலில் அடைபட்டு, பல மடங்கு விலையில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சோடியம் பாஸ்பேட் செய்ய எலும்புச் சாம்பல் வேண்டும். கசாப்புக் கடைகளில் எலும்பை வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். மழை பெய்து எலும்பு நாறியது. காக்கைகள் துண்டுகளைத் தூக்கிப்போய் பக்கத்து வீடுகளில் போட்டன. அக்கம்பக்கத்தில் இருந்த ஆசாரமான குடும்பங்கள் கொதித்துப்போயின. எலும்பை ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவின் முதல் பெரிய மருந்து கம்பெனியின் ஆரம்பம் இப்படி ஒரு முனிசிபல் புகாரில்தான்.

தயாரித்தது சரி, விற்க வேண்டுமே! கடைக்காரர்களிடம் சரக்கோடு போனபோது கதவு மூடிக்கொண்டது. தரம் மோசம் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல முடியவும் முடியாது, அவர்களுக்குப் பரிசோதிக்கத் தெரியாது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: பெயர் தெரிந்த இங்கிலீஷ் கம்பெனியின் லேபிள் இருந்தால் பாட்டில் தானாக விற்கும், நாட்டுத் தயாரிப்பை வாடிக்கையாளர் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

கடைக்காரரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் பக்கத்தில் நின்று யோசியுங்கள். ஒரு டிங்ச்சரை நோயாளி குடிக்கிறார், குணமாகிறது. மருந்தால் குணமானதா, உடம்பு தானே சரிசெய்துகொண்டதா? குணமாகவில்லை. மருந்தில் தண்ணீர் கலந்திருந்ததா, டாக்டர் நோயைத் தப்பாகப் புரிந்துகொண்டாரா? வாங்குவதற்கு முன்னால் தரம் தெரியாது. பயன்படுத்திய பிறகும் தெரியாது. இந்த வகைப் பொருட்களை 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கர்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தனியாக வகைப்படுத்தினார்கள். நம்பிக்கைப் பொருட்கள் என்று தமிழில் சொல்லலாம். இதற்கு மூன்று வருடம் முன்பு ஜார்ஜ் அகர்லாஃப், தரத்தைக் கண்டுபிடிக்க முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று காட்டினார். 2001-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. கல்கத்தா மருந்துக் கடைக்காரருக்கு இந்தத் தியரி எதுவும் தெரியாது. ஆனால் அவர் செய்தது அதன்படிதான். தரம் தெரியாதபோது பெயரைப் பிடித்துக்கொண்டார்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் புரியும். பெங்கால் கெமிக்கல் தொடங்கி ஒரு வருடத்தில், 1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். 1914-ல் அது மெட்ராஸுக்கு வந்தது. கச்சேரிகளில் வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து அவர் பெயர் வாங்கினார். அது தைலம் என்பதால் அந்த வழி எடுபட்டது. நெற்றியில் தடவினால் ஒரு நிமிஷத்தில் சுரீரென்று தெரிந்துவிடும், வேறு சான்றிதழ் எதற்கு? எட்டிக்கொட்டை டிங்ச்சரை அப்படி சாம்பிள் கொடுக்க முடியாது. கொடுக்கவும் கூடாது.

டாக்டர்கள் வழியாக ஒரு குறுக்கு வழி

இந்த இடத்தில் வந்து சேர்ந்தவர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். ராயின் பழைய நண்பர், நன்றாகப் பிராக்டீஸ் செய்துகொண்டிருந்த மருத்துவர். அவர் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார். நோயாளிக்குத் தரம் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. தெரிந்தவர் யார்? டாக்டர். அவர் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்கி வைத்துத்தானே ஆக வேண்டும்!

அமூல்ய சரண் தன் சக மருத்துவர்களிடம் பேசினார். ராதா கோவிந்த கர், நீல்ரத்தன் சர்க்கார் போன்றவர்கள் பெங்கால் கெமிக்கல் மருந்துகளை எழுதத் தொடங்கினார்கள். ஆமாம், ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று இன்று செய்திகளில் நீங்கள் கேட்கும் பெயருக்கு உரிய அதே கர். இன்றைக்கு மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள் டாக்டர் அறைக்கு வெளியே பையோடு காத்திருப்பதைப் பார்க்கிறீர்களே, அதன் ஆரம்பகால வடிவம் இது என்றும் சொல்லலாம். அந்த வழி பிற்காலத்தில் எங்கெங்கோ போய்விட்டது, அது வேறு கட்டுரை.

அமூல்ய சரண் இன்னொன்றும் செய்தார். பிரிட்டிஷ் நூலில் உள்ளதை மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டார். நாட்டு வைத்தியர்கள் காலகாலமாகப் பயன்படுத்திய மூலிகைகளை அளவு, வீரியம் குறித்து பாட்டிலில் அடைத்தால் என்ன? காலமேக் (நம்ம நிலவேம்பு), வாசக சிரப் (ஆடாதோடை), குர்ச்சி (குடசப்பாலை), அக்வா டைக்கோடிஸ் என்ற லத்தீன் பெயரில் ஓம வாட்டர். லத்தீன் பெயரைக் கவனியுங்கள். ஓமத்தை ஓமம் என்று எழுதினால் அது பாட்டி வைத்தியம், அக்வா டைக்கோடிஸ் என்றால் மருந்து. இது ஏமாற்று வேலை இல்லை, உள்ளே இருப்பது சுத்தமான சரக்குதான். ஆனாலும் லேபிளின் சக்தி அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கல்கத்தாவில் நடந்த இந்திய மருத்துவ மாநாட்டில் இவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். 1900-ல் பிரிட்டிஷ் ஃபார்மகோபியாவுக்கு இந்திய, காலனிய இணைப்பு ஒன்று வெளியானபோது நிலவேம்பும் ஆடாதோடையும் அதில் இடம்பெற்றன. அதற்குப் பல பேர் பல வருடம் போராடியிருந்தார்கள்.

இதற்கிடையில் இரண்டு மரணங்கள். அமூல்ய சரணின் உறவினர் சதீஷ் சந்திர சின்ஹா, வேதியியலில் எம்.ஏ. படித்த இளைஞர், கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம் இருக்கும்; ஹைட்ரோசயனிக் அமிலம் தற்செயலாக உடம்பில் ஏறி இறந்துபோனார். 1898-ல் கல்கத்தாவில் பிளேக். நோயாளி ஒருவரைப் பார்த்துவந்த அமூல்ய சரணுக்கும் தொற்றியது, பிழைக்கவில்லை. ஆறே வருடத்தில் தொழில் தெரிந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு வாத்தியார், கொஞ்சம் பாட்டில்கள், கொஞ்சம் கடன். மூடிவிடச் சொல்லியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் மூடவில்லை. 1901-ல் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தோடு அது லிமிடெட் கம்பெனி ஆனது. 1905-ல் மாணிக்தலாவில் பெரிய தொழிற்சாலை.

சுதேசி அலை: வரமும் வம்பும்

1905 என்றதும் உங்களுக்கு வங்கப் பிரிவினை ஞாபகம் வரும். அந்நியத் துணிகளைக் கொளுத்தினார்கள், சுதேசிப் பொருட்களுக்குத் திடீர் கிராக்கி. பெங்கால் கெமிக்கல் அப்போது பதிமூன்று வயதுக் கம்பெனி, சரக்கு தயாராக இருந்தது. அலை அதைத் தூக்கிவிட்டது உண்மை.

ஆனால் அந்த அலையில் முளைத்த பல கம்பெனிகள் அதே வேகத்தில் மூழ்கின. தேசபக்தியால் ஒருவர் ஒரு தடவை மட்டமான சோப்பு வாங்குவார். இரண்டாவது தடவை யோசிப்பார். எரியாத சுதேசித் தீக்குச்சியைப் பற்றி தாகூர் தன் இளமை நினைவுகளில் கிண்டல் செய்திருக்கிறார். அது 1905-க்கு ரொம்ப முந்திய அனுபவம். நம் தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிரச்சினை வேறு விதம். கப்பல் போய்ச் சேர்கிறதா என்பது பயணிக்கே தெரியும், அதனால் அங்கே தரத்தில் சந்தேகம் இல்லை. எதிரி கட்டணத்தைக் குறைத்தும் அரசாங்கம் சிறையில் தள்ளியும்தான் அதை முடித்தார்கள். மருந்துக்கு எதிரி தேவையில்லை. ஒரு மோசமான பாட்டில் போதும், பெயர் போய்விடும்.

இதனால்தானோ என்னவோ, ராய் வியாபாரத்துக்கு ஆள் தேடும்போது கெமிஸ்ட்ரி தெரிந்தவர்களையே தேடினார். 1903-ல் வந்தவர் ராஜசேகர் பாசு. கெமிஸ்டாகச் சேர்ந்து, சீக்கிரமே நிர்வாகியாகி, 1932 வரை கம்பெனியை நடத்தியவர். பரசுராம் என்ற புனைபெயரில் வங்காள நகைச்சுவை எழுத்தின் உச்சத்தைத் தொட்டவரும் அவரே. 1922-ல் வந்த அவருடைய முதல் கதை, தெய்வத்தின் பெயரில் ஷேர் விற்று ஊரை ஏமாற்றும் ஒரு டுபாக்கூர் லிமிடெட் கம்பெனியைப் பற்றியது. பகலில் நேர்மையான கம்பெனியை நடத்தியவர் இரவில் போலிக் கம்பெனியைக் கற்பனை செய்திருக்கிறார்! இன்னொருவர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா. ஃபயர் கிங் என்ற தீயணைப்புக் கருவியை உருவாக்கியவர். முதல் உலகப்போரில் இறக்குமதி தடைப்பட்டபோது அமிலமும் ரசாயனமும் தீயணைப்புக் கருவியும் அரசாங்கத்துக்கே பெங்கால் கெமிக்கலில் இருந்து போயின. நாட்டுச் சரக்கை நம்பாத அதே அரசாங்கம்தான்.

பெயரே மூலதனமான காலம்

ராயின் சொந்தப் பெயருக்கு என்ன ஆனது? அது வேறு பாதையில் ஏறிக்கொண்டே போனது. 1902-ல் இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதி. 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியர் பதவி. 1919-ல் சர் பட்டம். 1921-ல் அறுபது வயது ஆனதும், அதன் பிறகு வரும் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். 1936-ல் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல் கல்லூரி வளாகத்திலேயே ஓர் அறை, கதர் உடை, கூடவே தங்கிப் படிக்கும் சில மாணவர்கள். மேக்நாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ் எல்லாம் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

அந்தப் பெயரின் மதிப்பு எவ்வளவு என்பது 1922-ல் தெரிந்தது. வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். நிவாரணக் குழுவுக்கு ராய் தலைவர், அலுவலகம் அறிவியல் கல்லூரியிலேயே. களத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் இளைஞர் சுபாஷ் சந்திர போஸ். பணமும் துணியும் வந்து குவிந்தன. கொடுத்தவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. ராய் கையில் போனால் சரியான இடத்துக்குப் போகும் என்று நம்பிக் கொடுத்தார்கள். முப்பது வருடம் முன்பு இதே ஊரின் கடைத்தெருவில் அவர் பாட்டிலைத் தொட ஆள் இல்லை.

அவரிடம் எனக்கு ஒத்துவராத விஷயமும் உண்டு. வங்காளி இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கு ஓடுகிறார்கள், வியாபாரத்தை மார்வாரிகளிடம் விட்டுவிட்டார்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கடிந்துகொண்டார். தொழிலுக்குக் கடன் தர வங்கியும், சரக்கை விற்றுத்தர வணிகக் குடும்ப வலையும் இல்லாத ஒரு பி.ஏ. பையனிடம் 250 ரூபாய் சம்பளக்காரர் இதைச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். எல்லோருக்கும் டாக்டர் நண்பர்கள் கிடைப்பதில்லை.

தரத்துக்கான கேள்விக்கு இறுதியில் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டி வந்தது. 1930-ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. கலப்படமும் வீரியக் குறைவும் நாட்டுச் சரக்கில் மட்டும் அல்ல, கப்பலில் வந்த சரக்கிலும் இருப்பதை அது பதிவு செய்தது. 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. இன்று உங்கள் மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பேட்ச் எண், காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் அந்தச் சட்டத்தின் வழிவந்தவை. கடைக்காரரின் ஊகத்தை நம்பி வாழ வேண்டிய நிலைமை கொஞ்சம் குறைந்தது.

திரும்பவும் ஜாதவ்பூருக்கு

1906-ல் சுதேசிக் கல்வி இயக்கத்தில் தேசியக் கல்விக் குழு உருவானது. அதே வேகத்தில் பெங்கால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் என்ற தொழிற்கல்விக் கூடம் திறக்கப்பட்டது. இடம்: 92, அப்பர் சர்க்குலர் ரோடு. ஆமாம், பெங்கால் கெமிக்கல் பிறந்த 91-ம் எண்ணுக்குப் பக்கத்துக் கதவு. பிற்பாடு அந்த மனை கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் போய், ராய் வாழ்ந்த அறிவியல் கல்லூரி அங்கே எழுந்தது. டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் இடம் மாறி, 1924-ல் அன்றைய கல்கத்தாவின் விளிம்பில் வயலும் குளமுமாக இருந்த ஜாதவ்பூருக்கு வந்து சேர்ந்தது. 1921-லேயே கெமிக்கல் இன்ஜினியரிங் சொல்லித்தரத் தொடங்கிய கல்லூரி அது. தேசியக் கல்விக் குழுவின் தலைவர் நாற்காலியிலும் ராய் உட்கார்ந்தார். 1955 டிசம்பர் 24-ல் அது ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆனது.

கல்லூரி வந்ததும் அந்தப் பக்கம் தொழிற்சாலைகளும் வந்தன. பெங்கால் லாம்ப், கிருஷ்ணா கிளாஸ், கொஞ்சம் தள்ளி பிரின்ஸ் அன்வர் ஷா ரோட்டில் உஷா தையல் மெஷின். கடைசியாகச் சொன்ன தொழிற்சாலை நின்ற இடத்தில்தான் இப்போது சவுத் சிட்டி மால் இருக்கிறது.

அப்புறம் சுலேகா. பெங்கால் கெமிக்கலை விட்டு காந்தியின் பின்னால் போனாரே சதீஷ் தாஸ்குப்தா, அவர் ஒரு சுதேசி மைக்கு ஃபார்முலா கண்டுபிடித்தார். கதர்க் கடைகளில் கிருஷ்ணதாரா என்ற பெயரில் விற்றது. அதை மைத்ரா சகோதரர்களிடம் ஒப்படைத்தார். 1934-ல் ராஜ்ஷாஹியில் தொடங்கிய அவர்கள் கம்பெனி பின்னர் கல்கத்தா வந்து ஜாதவ்பூரில் நிலைகொண்டது. மையின் தரம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். காகிதத்தில் ஊறுகிறதா, நிப்பை அடைக்கிறதா என்று பள்ளிப் பையனே சொல்லிவிடுவான். டாக்டர் சிபாரிசு வேண்டியிருக்கவில்லை. 1980-களின் கடைசியில் பூட்டினார்கள், 2006-ல் திறந்தார்கள், 2020-ல் ஃபவுண்டன் பேனா மை மறுபடி வந்தது.

பெங்கால் கெமிக்கல் அவ்வளவு சுகமாக இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நஷ்டம் மேல் நஷ்டம். 1977-ல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, 1980-ல் நாட்டுடைமை ஆனது. 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதை விற்றுவிட முடிவெடுத்தது. விசித்திரம் என்னவென்றால், சுமார் அறுபது வருடத்துக்குப் பிறகு அது முதல்முறையாக லாபம் காட்டியதும் அதே 2016-17 நிதியாண்டில்தான். பினாயிலும் ஓம வாட்டரும் இன்னும் கொல்கத்தா கடைகளில் கிடைக்கின்றன.

1944 ஜூன் 16-ம் தேதி, 92-ம் எண்ணில் இருந்த தன் அறையில் ராய் இறந்தார். 82 வயது. அந்தச் சாலைக்கு இப்போது ஆச்சார்ய பிரஃபுல்ல சந்திர ரோடு என்று பெயர். 2011-ல் லண்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, ஐரோப்பாவுக்கு வெளியே தன் முதல் வேதியியல் நினைவுப் பலகையை அவருக்காக பிரசிடென்சியில் பதித்தது. ஒரு காலத்தில் மாதம் 250 ரூபாய்க்கு மாகாணப் பணி என்று சீட்டு ஒட்டி அவரை வேலைக்கு எடுத்த அதே கட்டடம். ஜாதவ்பூரிலும் அவர் பெயரில் ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது, பல்கலைக்கழகத்தை ஒட்டியே. 8பி-யில் இறங்குகிற ஆட்டோக்காரர்கள் அதை ஏ.பி.சி. என்று மட்டும் சொல்வார்கள்.